"இதுல என்னப்பா இருக்கு?": வித்தியாசமான புகைப்படங்களைப் பார்க்கப் பழகுகிறவர்களுக்கு

தெருவில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நிற்கின்றன. பச்சை, ஆரஞ்சு, நீலம். ஆள் ஒருவர்கூட இல்லை. கடைசிக் குடத்தின் பக்கத்தில் யாருடைய நிழலோ தரையில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். இப்படி ஒரு படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் முதலில் வரும் பதில் "இதுல என்னப்பா இருக்கு?" என்பதாகத்தான் இருக்கும். கேள்வியில் தப்பில்லை. கேட்ட கையோடு அடுத்த படத்துக்குத் தள்ளிவிடாமல், அந்தக் கேள்வியோடேயே இன்னும் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி. கேமரா வேண்டாம், கலைப் படிப்பு வேண்டாம். போனும் பொறுமையும் போதும்.

வடசென்னையில் படங்களுக்குப் பஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் காசிமேட்டுக்குப் போனால் மீன் வாங்க வந்த கூட்டத்துக்கு நடுவே கேமராவும் கையுமாகச் சிலர் நிற்பார்கள். அவர்கள் எடுக்கப்போகும் படங்களில் பாதி நமக்கு முன்கூட்டியே தெரியும்: சூரிய உதயத்தின் முன்னால் கரும் நிழலாக ஒரு படகு, சுருக்கம் விழுந்த முகம் கறுப்பு வெள்ளையில், குத்துச்சண்டைக் கையுறை, கேரம் போர்டு. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சொல்ல வந்ததைப் பார்த்த நொடியிலேயே சொல்லி முடித்துவிடும். பார்ப்பவருக்கு அங்கே வேலை இல்லை. நான் பேசப்போவது நமக்கு வேலை வைக்கிற படங்களைப் பற்றி: முகம் வெட்டுப்பட்டது, கண்ணாடி வழியே எடுத்தது, கலங்கிப்போனது, ஏதோ ஒன்றை ரொம்பக் கிட்டே போய் எடுத்ததால் என்னவென்றே புரியாதது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கற்பனைக்கு இடம் தரும் படம் என்பதற்காக அதில் எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ள முடியாது. நினைப்பதற்குப் படத்துக்குள்ளேயே ஒரு பிடி இருக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்தப் பிடியைத் தேடும் வழிகள்தான்.

படி 1: இருப்பதை மட்டும் சொல்லுங்கள்

'சோகம்', 'வறுமை', 'தனிமை', 'அழகு' ஆகிய வார்த்தைகளுக்கு முதல் இரண்டு நிமிடம் தடை. கண்ணுக்குத் தெரிவதை மட்டும், பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குச் சொல்வதுபோல வாய்விட்டுச் சொல்லுங்கள்.

குடம் படத்தையே எடுத்துக்கொள்வோம். நிழல் நீளமா, குட்டையா? நீளம் என்றால் வெயில் சாய்ந்திருக்கிறது. காலையாகவோ மாலையாகவோ இருக்க வேண்டும். தரை காய்ந்திருக்கிறதா? அப்படியானால் தண்ணி லாரி இன்னும் வரவில்லை. குடத்தின் கழுத்தில் அடையாளத்துக்குத் துணியோ கயிறோ கட்டியிருக்கிறதா? பெயின்டில் எழுத்து ஏதாவது? ஒரே நிறத்தில் ஒரே மாதிரி அடையாளத்தோடு அடுத்தடுத்து மூன்று குடம் இருந்தால் மூன்றும் ஒரு வீட்டுக் குடங்களாக இருக்கலாம். வரிசையை விட்டு அரையடி தள்ளி ஒரு குடம் நிற்கிறது. அது பிறகு வந்து நடுவில் நுழைந்த குடமா, இல்லை யாராவது காலால் தள்ளிவிட்டதா?

லாரிக்குக் காத்திருந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது தெரியும்: குடத்தை வைத்துவிட்டால் ஆள் நிற்பதாகக் கணக்கு. வைத்தவர் வீட்டுக்குள் போய் உலை வைத்துவிட்டு வரலாம், வரிசையில் அவருடைய இடம் போகாது. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். ஆளே இல்லாத தெருவாகத் தெரிந்தது இப்போது நெரிசலாகத் தெரியும். ஓரத்தில் நிற்கும் நிழல்காரர் மட்டும் ஏன் வீட்டுக்குப் போகவில்லை என்ற கேள்வியும் அதோடு வரும். வந்தால் சரி, படம் உங்களிடம் பேச்சுக் கொடுக்க ஆரம்பித்துவிட்டது.

புதிதாகப் பார்ப்பவர்கள் அதிகம் தாண்டிப் போவது இந்த முதல் படியைத்தான். "உணர்ச்சிதானே முக்கியம்" என்று நேராக அதற்குப் போய்விடுவார்கள். அப்படிப் போனால் எல்லாப் படத்துக்கும் ஒரே பதில்தான் கிடைக்கும்.

படி 2: நான்கு ஓரங்களையும் தடவிப் பாருங்கள்

புகைப்படம் எடுப்பவர் எதை உள்ளே வைப்பது என்று முடிவு செய்யும்போதே எதை வெளியே விடுவது என்றும் முடிவு செய்துவிடுகிறார். அந்த இரண்டாவது முடிவு ஓரங்களில் தெரியும். கை எங்கே வெட்டுப்பட்டிருக்கிறது? கயிறு ஒன்று ஃபிரேமை விட்டு வெளியே போகிறதே, அதன் மறுமுனையில் யார் இருக்கிறார்கள்? இடது ஓரத்தில் பாதி செருப்பு தெரிகிறதே, அது தெரியாமல் வந்துவிட்டதா, வேண்டுமென்றே விட்டதா?

சில சமயம் மறைப்பது ஓரமாக இருக்காது, படத்துக்குள் இருக்கும் ஒரு பொருளாக இருக்கும். ஹங்கேரியில் பிறந்த ஆந்த்ரே கெர்த்தேஸ் 1972 ஜனவரி 1 அன்று மார்த்தினிக் தீவில் எடுத்த படம் இதற்கு நல்ல உதாரணம். ஒரு பால்கனி, அதன் கைப்பிடி, அப்பால் கடல், மேலே வானம். பக்கத்துப் பால்கனியைப் பிரிக்கும் மங்கலான கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒருவரின் உருவம் சாம்பல் கறைபோலத் தெரிகிறது. முகம் இல்லை. வயது தெரியாது. கைப்பிடியில் சாய்ந்து கடலைப் பார்ப்பதுபோல இருக்கிறது. அந்தக் கண்ணாடி மட்டும் தெளிவாக இருந்திருந்தால் அது விடுமுறைக்கு வந்த யாரோ ஒருவரின் ஓட்டல் படமாக முடிந்திருக்கும். இப்போதோ நாம் ஆளுக்கொரு ஆளை அங்கே நிறுத்துகிறோம். எடுத்தபோது கெர்த்தேஸுக்கு 77 வயது என்று தெரிந்தால் நாம் நிறுத்தும் ஆளும் கொஞ்சம் மாறிவிடுகிறார்.

நேரத்துக்கும் ஓரம் உண்டு. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே பிரெஸ்ஸோன் 1932-ல் பாரிஸின் சாங் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் எடுத்த படத்தில் ஒருவர் தேங்கிய தண்ணீரைத் தாண்டுகிறார். குதிகால் தண்ணீரைத் தொட இன்னும் நூலளவுதான் பாக்கி. தொடுவது படத்தில் இல்லை. மழைக்காலத்தில் வியாசர்பாடித் தெருக்களில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தாண்டிப் பார்த்தவர்களுக்கு அடுத்த நொடி என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதே படத்தில் பின்சுவரைப் பாருங்கள்: அங்கே ஒரு சுவரொட்டியில் ஒரு நடனக்காரரும் தாவிக்கொண்டிருப்பார். பலர் வருஷக்கணக்கில் இந்தப் படத்தைப் பார்த்தும் அவரைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் என்ற அமெரிக்கர் 1920களில் மேகங்களை மட்டும் எடுக்கத் தொடங்கினார். பெரும்பாலான படங்களில் தரையும் இல்லை, தொடுவானமும் இல்லை. எது மேல், எது கீழ் என்றே பிடிபடாது. இந்த மாதிரிப் படம் வந்தால் போனைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கம் வைத்தால் படம் கனமாகிறது, எந்தப் பக்கம் வைத்தால் மிதக்கிறது என்று தெரியும்.

படி 3: எப்படி எடுத்திருப்பார்கள் என்று யோசியுங்கள்

தொழில்நுட்பம் கொஞ்சம் தெரிந்தால் போதும். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பது ஒன்று. கேமரா எங்கே இருந்தது என்பது இன்னொன்று. பெரும்பாலான புதிர்ப் படங்கள் இந்த இரண்டில் அவிழ்ந்துவிடும்.

1838-ல், புகைப்படம் எடுக்கும் முறையை முதலில் உருவாக்கியவர்களில் ஒருவரான லூயி தாகேர் பாரிஸில் ஒரு பெரிய தெருவை மேலிருந்து படமெடுத்தார். போக்குவரத்து நிறைந்த தெரு. ஆனால் படத்தில் தெரு காலியாக இருக்கிறது. ஒளி பதியச் சில நிமிடங்கள் தேவைப்பட்ட காலம் அது. நடந்தவர்களும் வண்டிகளும் பதிவதற்குள் கடந்து போய்விட்டார்கள். ஒருவர் மட்டும் கீழே மூலையில் தெரிகிறார். ஷூ பாலிஷ் போட்டுக்கொள்வதற்காக ஒரே இடத்தில் நின்றவர். மனித உருவம் பதிவான மிகப் பழைய புகைப்படங்களில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள்.

இதையே காசிமேடு ஏலக் கூட்டத்தில் செய்து பார்த்தால் என்ன ஆகும்? போனை எதன்மீதாவது அசையாமல் வைத்து ஷட்டரை ஒரு நொடி திறந்துவிட்டால், விலை கேட்டு நகர்கிறவர்கள் எல்லாம் புகையாகிவிடுவார்கள். தரையில் இருக்கும் கூடைகள் துல்லியமாக நிற்கும். உட்கார்ந்து மீன் வெட்டுகிறவரின் உடல் நிற்கும், கை மட்டும் கரையும். அப்படி ஒரு படத்தைப் பார்க்கும்போது "கலங்கிப் போச்சு" என்று தள்ளிவிடாமல், எது கலங்கியது, எது கலங்கவில்லை என்று கேளுங்கள். அந்த இடத்தில் யார் நிற்க வேண்டியிருக்கிறது, யாரால் நகர முடிகிறது என்று படமே பிரித்துக் காட்டும்.

ஜப்பானைச் சேர்ந்த ஹிரோஷி சுகிமோட்டோ சினிமாத் தியேட்டர்களுக்குள் கேமராவை வைத்து, ஒரு முழுப் படம் ஓடி முடியும் வரை ஷட்டரைத் திறந்தே வைத்தார். திரையில் ஓடிய அத்தனை காட்சிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வெறும் வெள்ளையாகிவிட்டன. அந்த வெளிச்சத்தில் தியேட்டர் மட்டும் தெரியும். எப்படி எடுத்தார் என்று தெரியாதவருக்கு அது காலித் திரை. தெரிந்தவருக்கோ, ஒரு படம் முழுக்க அந்த வெள்ளைக்குள் இருக்கிறது. மூடப்பட்டுவிட்ட தண்டையார்பேட்டை அகஸ்தியாவில் படம் பார்த்து வளர்ந்தவர்கள் அந்த வெள்ளைத் திரையை இன்னும் கொஞ்சம் அதிக நேரம் பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன்.

படி 4: ஊகியுங்கள், ஆனால் 'ஏன்னா' சேர்த்துச் சொல்லுங்கள்

இப்போது கற்பனைக்கு அனுமதி. ஒரே ஒரு நிபந்தனை: ஒவ்வொரு ஊகத்தோடும் ஒரு 'ஏன்னா' வர வேண்டும், அந்த 'ஏன்னா' படத்துக்குள் விரல் வைத்துக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.

நண்பர் ஒருவர் எடுத்த க்ளோஸப் ஒன்று எங்கள் வட்டத்தில் கொஞ்ச காலம் சுற்றியது. வெள்ளையாகக் கட்டிகட்டியாக ஏதோ, நடுவே இளஞ்சிவப்புக் கோடுகள், அங்கங்கே மினுக்கும் புள்ளிகள். ஒருவர் பனிமலை என்றார். இன்னொருவர் விமானத்திலிருந்து பார்க்கும் ஆறு என்றார். மீன் விற்கும் அக்கா ஒருவரிடம் காட்டினோம். போனை வாங்கி வெயில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தார்.

"ஏலம் முடிஞ்சி ரொம்ப நேரம் ஆயிருக்கும் தம்பி."

"எப்படிக்கா சொல்றீங்க?"

"ஐஸு ஓரமெல்லாம் மழுங்கிப்போய் கீது பாரு. இப்ப ஒடைச்ச ஐஸு இப்படியா இருக்கும்? இந்தச் செதிலு சங்கராவுது, செவப்பு தெரியுதா? மீனு வித்துப்போச்சு. ஐஸு மட்டும் கெடக்குது."

அவர் சொன்ன பிறகு பனிமலை காணாமல் போகவில்லை, அது பாட்டுக்கு அங்கேயே இருந்தது. அதன்மேல் ஒரு நேரமும், ஒரு விலையும், விற்றுப்போன ஒரு மீனும் வந்து சேர்ந்தன. எங்கள் எல்லோருடைய ஊகத்தையும்விட அவருடையது பெரிதாக இருந்ததற்குக் காரணம் அதில் 'ஏன்னா' இருந்ததுதான். வலை பின்னத் தெரிந்தவர், லாரி ஓட்டுகிறவர், தையல் மெஷினில் உட்கார்ந்தவர் என்று ஒவ்வொருவரும் கலைக்கூடத்துக்காரர்களுக்குக் கிடைக்காத ஒரு பிடியைப் படத்தில் கண்டுபிடிப்பார்கள். "எனக்குக் கலையெல்லாம் தெரியாது" என்று ஒதுங்குகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன்: உங்கள் தொழில் தெரியும் அல்லவா, அதை வைத்துப் பாருங்கள்.

ஒரு ஊகம் கிடைத்ததும் நிறுத்திவிட வேண்டாம். இரண்டாவதாக ஒன்றைத் தேடுங்கள், முதலாவதோடு ஒத்துப்போகாததாக. நல்ல படம் இரண்டையும் தாங்கும்.

படி 5: தலைப்பைக் கடைசியில் படியுங்கள்

படத்தின் கீழே எழுதியிருப்பதை முதலில் கையால் மறைத்துவிடுங்கள். காரணம் இருக்கிறது. 1920-ல் நியூயார்க்கில் மார்செல் டுஷாம்ப் என்ற கலைஞர் தன் பெரிய கண்ணாடிப் படைப்பின்மீது மாதக்கணக்கில் தூசி படிய விட்டிருந்தார். அந்தத் தூசியை அவருடைய நண்பரும் புகைப்படக்காரருமான மான் ரே படமெடுத்தார். 1922-ல் பாரிஸ் பத்திரிகை ஒன்று அந்தப் படத்தை விமானத்திலிருந்து எடுத்த காட்சி என்ற குறிப்போடு அச்சிட்டது. குறிப்பைப் படித்துவிட்டுப் பார்த்தால் வயல், வாய்க்கால், பாலைவனம் எல்லாம் தெரிகிறது! குறிப்பை மறைத்துவிட்டால் தூசி. வேண்டுமென்றே செய்த குறும்பு அது. நமக்கு நல்ல பயிற்சி.

எண்ணூரில் இந்தப் பயிற்சி விளையாட்டாக இருப்பதில்லை. தண்ணீர்மேல் வானவில் நிறங்கள் சுழன்று சுழன்று ஓடும் ஒரு படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தலைப்பில்லாமல் பார்த்தால் பட்டுப்புடவையின் பளபளப்பு. பிறகு தலைப்பைப் பார்க்கிறீர்கள்: எண்ணூர் முகத்துவாரம், டிசம்பர் 2023. மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய்க் கழிவு வந்து கலந்த மாதம் அது. மீனவர்கள் படகில் போய்க் கைகளாலும் வாளிகளாலும் எண்ணெயை அள்ளினார்கள். இப்போது அந்த நிறங்கள் என்ன ஆகின்றன? அழகு போய்விடுகிறதா, அழகாகத் தெரிந்ததே தொந்தரவு செய்கிறதா? எனக்கு இரண்டாவது. இந்தத் தொந்தரவைத் தருவதற்காகவே தலைப்பைத் தள்ளி வைக்கலாம். தலைப்பே இல்லாமல் இதை வரவேற்பறையில் மாட்டினால் அது வேறு விஷயம், எனக்கு உடன்பாடில்லை.

படி 6: ஏமாற்றுப் படங்களைப் பிரித்தறியுங்கள்

புரியாத படமெல்லாம் ஆழமான படம் இல்லை. வெறுமனே கை நடுங்கி எடுத்ததும், ஃபில்டரைப் போட்டு இருட்டாக்கியதும், தலையை வெட்டினால் கலை என்று நினைத்து வெட்டியதும் ஏராளம். எப்படிப் பிரிப்பது? நான் இரண்டு சோதனைகள் வைத்துக்கொள்கிறேன்.

மறுநாள் மறுபடி பார்ப்பது முதல் சோதனை. நேற்றுப் பார்த்ததற்கு மேல் ஒன்றுகூடப் புதிதாகக் கிடைக்கவில்லை என்றால் அந்தப் படம் உங்களுக்கு அவ்வளவுதான். இரண்டாவது, அந்த வித்தையைப் படத்திலிருந்து எடுத்துவிட்டு யோசிப்பது. கலங்கல் இல்லாமல் தெளிவாக எடுத்திருந்தால் எதையாவது இழந்திருப்போமா? ஜப்பானின் டைடோ மொரியாமாவும் அவர் பங்கேற்ற ஒரு பத்திரிகையின் மற்ற புகைப்படக்காரர்களும் 1968 வாக்கில் பொரிபொரியாக, சாய்ந்து, ஃபோகஸ் இல்லாமல் எடுத்தார்கள். அந்தக் கரடுமுரடைத் துடைத்துவிட்டால் அவர்கள் படத்தில் இருக்கும் தெருவின் பதற்றமும் போய்விடும். அங்கே கலங்கல் வேலை செய்கிறது. கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையைச் சுற்றிப் போடும் கலங்கலுக்கு அந்த வேலை கிடையாது.

புகழ்பெற்ற ஒருவரின் படம் உங்களுக்குப் பிடிக்கவில்லையா? பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அதற்கும் ஒரு 'ஏன்னா' வேண்டும்.

கற்பனை நிற்க வேண்டிய இடம்

எல்லாப் படத்தையும் புதிராக்கக் கூடாது. மதுரைக்காரரான எம். பழனிக்குமார் தூய்மைப் பணியாளர்களின் வாழ்க்கையையும், கழிவுநீர்த் தொட்டியில் இறந்தவர்களின் குடும்பங்களையும் பல வருடங்களாகப் படமெடுத்து வருகிறார். புகைப்படக் கலைஞர் தயாநிதா சிங்கின் பெயரும் 'பாரி' (PARI) என்ற கிராமப்புற ஆவண இணையதளத்தின் பெயரும் சேர்ந்த தயாநிதா சிங் பாரி ஆவணப் புகைப்பட விருது 2022-ல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் அவர்தான். அப்படிப்பட்ட ஒரு படத்தில் அழுதுகொண்டிருக்கும் பெண்ணின் மனதில் என்ன ஓடுகிறது என்று நாம் கதை கட்டுவது மரியாதை ஆகாது. அங்கே படி 1 மட்டும் போதும். பிறகு தலைப்பையும், இருந்தால் கட்டுரையையும் படியுங்கள். உண்மை மனிதர்களின் துயரம் என்று தெரிந்த நொடியில் ஊகத்தை நிறுத்தித் தகவலைத் தேடுவது நல்ல பழக்கம்.

படி 7: எங்கே பார்ப்பது, யாரோடு பார்ப்பது

ஈராண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கில் 2016-ல் தொடங்கிய சென்னை ஃபோட்டோ பினாலே இந்த மாதிரிப் படங்களைப் பெரிய அளவில் பார்க்க நல்ல வாய்ப்பு. நடக்கும்போது தவறவிடாதீர்கள். மற்ற நாட்களில் கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமியிலும் நுங்கம்பாக்கம் கோத்தே இன்ஸ்டிடியூட்டிலும் கண்காட்சிகள் நடக்கும். எல்லாம் கூவத்துக்குத் தெற்கே என்பதைக் கவனித்திருப்பீர்கள். படமெடுக்க மட்டும் எல்லோரும் வடக்கே வருவார்கள்.

தினசரிப் பயிற்சிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஆரன் சிஸ்கிண்ட் என்ற அமெரிக்கர் 1940களிலிருந்து உரிந்த பெயின்டையும் கிழிந்த சுவரொட்டிகளையும் கிட்டே போய் எடுத்தே பேர் வாங்கினார். நம் பக்கத்துச் சுவர்களில் அந்தச் சரக்கு குவிந்து கிடக்கிறது. கட்சிப் போஸ்டர் மேல் சினிமாப் போஸ்டர், அதன்மேல் கண்ணீர் அஞ்சலி, மூன்றும் மழையில் ஊறிப் பாதி கிழிந்து தொங்கும். சிக்னலில் பஸ் நிற்கும்போது அப்படி ஒரு சுவரில் ஒரு சதுரத்தை மட்டும் கண்ணால் வெட்டி எடுத்து, படி 1-ஐச் செய்து பாருங்கள். திருவொற்றியூர்க் கடற்கரையில் அலையைத் தடுக்கக் கடலுக்குள் கொட்டிய தூண்டில் வளைவுக் கற்களும், ராயபுரத்தில் 1856-லேயே ரயில் ஓடத் தொடங்கிய பழைய ஸ்டேஷனின் தூண் நிழல்களும் இதற்கு நன்றாக இருக்கும்.

முடிந்தால் தனியாகப் பார்க்காதீர்கள். படங்களைப் போஸ்ட்கார்டு சைஸில் பிரின்ட் போட்டு, மொட்டை மாடியிலோ டீக்கடை பெஞ்சிலோ நாலைந்து பேர் உட்கார்ந்து பாருங்கள். போன் திரை சின்னது. விரலும் சும்மா இருக்காது. குழந்தைகள் இருந்தால் அவர்களை முதலில் பேச விடுங்கள், பெரியவர்கள் பேசிவிட்டால் பிறகு அவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள். படம் எடுத்தவர் கூட்டத்தில் இருந்தால் அவர் கடைசியில்தான் வாயைத் திறக்க வேண்டும். "நான் அதை நினைச்சு எடுக்கலையே" என்று அவர் சொன்னாலும் பரவாயில்லை. சொன்னவர் காட்டிய பிடி படத்தில் இருந்தால் அது செல்லும். ஒரு உட்காரலுக்கு நாலு படம் போதும். ஐந்தாவதை எடுக்கும்போது கண் அசந்துபோய், பழையபடி அடுத்தது அடுத்தது என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.